99 வருடக் குத்தகை

திண்டுக்கல்லில் மாசித் திருவிழா நாடகத்தைச் சாக்கு விரித்து உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். நாடகம் நடந்த, ஊரார் சேர்ந்து கட்டிய மண்டபத்தைச் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகுதான் பார்த்தேன். சென்ட்ரல் பக்கத்தில், ரிப்பன் மாளிகைக்கு அடுத்து, சிவப்புச் செங்கல்லில் நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹால்.

பிளான் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். பெரிய மனிதர்கள் நன்கொடை போட்டு, நகராட்சி நிலத்தை 99 வருடக் குத்தகைக்கு எடுத்து, 1880-களில் எழுப்பினார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை இங்கேதான் நாடகம் போட்டது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். 1936-இல் சபை மவுண்ட் ரோட்டில் சொந்த இடத்துக்குப் போய்விட்டது. சினிமாவும் வந்தாச்சு. பிற்பாடு மண்டபம் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. 2023-இல் மாநகராட்சி மறுபடியும் சீரமைப்பைத் தொடங்கியது.

என்ஜினியர் புத்தி போகுமா? சுண்ணாம்புக் காரை நூறு வருஷம் தாங்கும்; அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய் பத்தே வருஷத்தில் அதை ஊறவைத்துக் கெடுத்துவிடும். கட்டியவர் பேர் கல்வெட்டில் இருக்கும். குழாய் சுத்தம் பண்ணுகிறவனுக்குச் சம்பளம் யார் தருவது என்று எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?

இப்போது நம் கல்லூரித் திறந்தவெளி மேடைக்குக் கூரை போட நிதி திரட்டுகிறோம். என் பங்கைக் கொடுத்துவிட்டேன். மொத்தத்தில் கால்வாசியை பாங்கில் போட்டு, வட்டியில் வருஷாவருஷம் பராமரிக்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். "மொதல்ல கட்டுவோம் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ஒரு சீனியர் அண்ணன்.

சந்திப்பு நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கமிட்டி மறுபடி கூடுகிறது. அண்ணனை நான் விடுவதாக இல்லை.