ரிப்போர்ட்ல வர்ற அந்த 'கிராம்' யாரு?

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வச்சுக்கிட்டு, "டாக்டர், கிராம் நெகட்டிவ்னு வந்திருக்கு, அப்போ இன்ஃபெக்‌ஷன் இல்லைதானே?" என்று கேட்பவர்கள் நிறைய பேர்.

இல்லைங்க. கிருமி இருக்கு. அது எந்த வகைன்னுதான் அந்த வரி சொல்லுது. கிராம்னா எடையும் இல்லை. அது ஒரு டாக்டரோட பேர். 140 வருஷத்துக்கு முந்தைய கதை, கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், 1853ல் டென்மார்க்கில் பிறந்தவர். முதலில் தாவரவியல் படிச்சார், அப்புறம் மருத்துவத்துக்கு வந்தார். பட்டம் வாங்கினபிறகு பெர்லின் போய், நகர மருத்துவமனையின் பிணவறையில் கார்ல் ஃப்ரீட்லெண்டர் என்ற நோய்க்குறியியல் நிபுணரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போ ஆன்டிபயாடிக் கிடையாது. நிமோனியா வந்தா பிழைக்கிறதும் போறதும் அவரவர் உடம்புத் தெம்பைப் பொறுத்தது. இறந்தவர்களின் நுரையீரலை மெல்லிய சீவலா வெட்டி, சாயம் ஏத்தி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாங்க. சிக்கல் என்னன்னா, சாயத்தைக் கிருமியும் பிடிச்சுக்கும், சுத்தியிருக்கிற திசுவும் பிடிச்சுக்கும். எது கிருமி, எது நம்ம செல்லின் உட்கருன்னு பிரிச்சுப் பார்க்கவே முடியாது. திசு வெளுக்கணும், கிருமி மட்டும் பளிச்னு தெரியணும். கிராம் தேடினது அவ்வளவுதான்.

பால் எர்லிக் உருவாக்கியிருந்த ஜென்ஷியன் வயலட் கரைசலை எடுத்துக்கிட்டார். (சின்ன வயசுல வாய்ப்புண்ணுக்கு ஊதா கலர்ல ஜிவி பெயிண்ட் தடவினது ஞாபகம் இருக்கா? அதே ஜென்ஷியன் வயலட்தான்.) அதுமேல அயோடின், கடைசியா ஆல்கஹால் கழுவல். திசு வெளுத்துடுச்சு. நிமோனியாக் கிருமி கருநீலமா அப்படியே நின்னுச்சு. 1884ல் கட்டுரையா வெளியிட்டார்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். எல்லாக் கிருமியும் நிறத்தைப் பிடிச்சு வைக்கல. டைபாய்டு கிருமி திசுவோட சேர்ந்து வெளுத்துப் போச்சு. கிராமோட கணக்குல அது முறையில் இருக்கிற ஓட்டை. முறை இன்னும் குறையுள்ளதுதான், மத்த ஆராய்ச்சியாளர்களுக்காவது பயன்படட்டும்னு அந்தக் கட்டுரையிலேயே எழுதிவச்சார். பாக்டீரியாக்களை ரெண்டு கட்சியா பிரிக்கணும்கிற திட்டமே அவருக்கு இல்லை. வெளுத்துப்போன கிருமி கண்ணுக்குத் தெரிய சிவப்புச் சாயம் போடுறோமே, அதுவும் அவர் செஞ்சது இல்லை. சில வருஷம் கழிச்சு கார்ல் வைகெர்ட் சேர்த்தது. ஊதா நின்னா கிராம் பாசிட்டிவ். வெளுத்து, சிவப்பு ஏறினா கிராம் நெகட்டிவ்.

அந்தச் சமயம் பெர்லினில் ஒரு சண்டை ஓடிட்டிருந்தது. நிமோனியாவுக்குக் காரணம் நான் கண்டுபிடிச்ச கிருமின்னு ஃப்ரீட்லெண்டர் சொல்றார். இல்லை, என்னோடதுன்னு ஆல்பர்ட் ஃப்ரெங்கெல் சொல்றார். ரெண்டுமே நிமோனியாவை உண்டாக்கும், ஆனா பெரும்பாலான கேஸ்களுக்குக் காரணம் ஃப்ரெங்கெல் சொன்ன நியூமோகாக்கஸ்தான். ஃப்ரீட்லெண்டருடையதை இன்னைக்கு கிளெப்சியெல்லான்னு சொல்றோம். ரெண்டையும் சட்டுனு பிரிச்சுக் காட்டுறது எது தெரியுமா? அதே கிராம் சாயம். நியூமோகாக்கஸ் ஊதாவா நிக்கும், கிளெப்சியெல்லா வெளுக்கும். ஃப்ரீட்லெண்டரோட பிணவறையில் பிறந்த முறையே அவருக்கு எதிரா சாட்சி சொல்லுச்சு. பாவம், 40 வயசு ஆகுறதுக்குள்ளேயே 1887ல் அவர் இறந்துட்டார்.

சரி, ஏன் ஒண்ணு வெளுக்குது, ஒண்ணு வெளுக்கல? செல்சுவர்தான் காரணம். கிராம் பாசிட்டிவ் கிருமிக்கு பெப்டிடோகிளைக்கான் சுவர் தடிமன். உள்ளே போன வயலட்டும் அயோடினும் சேர்ந்து பெரிய துகளாகிடும், ஆல்கஹால் பட்டதும் சுவர் இறுகி அதை வெளியே விடாது. நெகட்டிவ்ல சுவர் மெல்லிசு, அதுக்கு வெளியே கொழுப்புச் சவ்வு ஒண்ணு. ஆல்கஹால் அந்தச் சவ்வைக் கரைக்க, நிறம் கசிஞ்சுடும். அயோடினுக்குப் பதிலா பிளாட்டினம் சேர்மம் ஒண்ணைப் போட்டு, இதை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து பெவரிட்ஜும் டேவிஸும் எழுதினது 1983ல். 99 வருஷம் காரணம் முழுசா புரியாமலே உலகம் முழுக்க நிறம் பார்த்து வைத்தியம் நடந்திருக்கு!

அந்த வெளிச்சவ்வு சாயத்தோட நிக்கல. நிறைய மருந்தையும் உள்ளே விடாது. ஃப்ளெமிங்கின் பென்சிலின் பல கிராம் பாசிட்டிவ் கிருமிகளைச் சாய்ச்சுது, இன்ஃப்ளுயன்சா பேசிலஸ் என்ற நெகட்டிவ் கிருமியை அசைக்கல. அதனால, மத்த கிருமிகளை அடக்கி இதை மட்டும் தனியா வளர்த்தெடுக்க பென்சிலின் உதவும்னுதான் 1929 கட்டுரையில் அவர் எழுதினார். 2017ல் உலக சுகாதார நிறுவனம் புது மருந்து அவசரமா தேவைன்னு போட்ட பட்டியலில், மிக அவசரப் பிரிவில் இருந்த எல்லாமே கிராம் நெகட்டிவ்.

ராத்திரி ஒரு பிள்ளை கடும் காய்ச்சல், கழுத்து விறைப்போட வருது. மெனிஞ்சைட்டிஸ்னு சந்தேகம். உடனே ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சுடுவோம், கல்ச்சர் வர ஒரு நாளுக்கு மேல ஆகும். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரை கிராம் சாயம் போட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள தகவல் கிடைக்கலாம். ஊதாவா ஜோடி ஜோடியா இருந்தா நியூமோகாக்கஸா இருக்கலாம். சிவப்பா, காபிக்கொட்டை ரெண்டை ஒட்டி வச்ச மாதிரி இருந்தா மெனிஞ்சோகாக்கஸ். அப்படின்னா வீட்ல கூட இருந்தவங்களுக்கும் தடுப்பு மாத்திரை கொடுக்கணும். நிறம் பார்த்து எடுக்கிற முடிவு அது.

ஏற்கெனவே கடையில் வாங்கி ரெண்டு நாள் ஆன்டிபயாடிக் போட்டிருந்தா, ஸ்லைடில் எதுவுமே தெரியாமல் போகலாம். அதனாலதான் "என்ன மாத்திரை போட்டீங்க?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்கிறோம். மறைக்காம சொல்லுங்க.

டிபி கிருமி? அது இந்த ரெண்டு கட்சியிலும் ஒழுங்கா சேராது. மெழுகுச் சட்டை போட்ட ஆளு, அதுக்கு வேற சாயம். அந்தக் கதையை அடுத்த இழையில் எழுதுறேன்.