புள்ளி எங்கே போயிற்று? எழுத்தாணி முதல் விண்டோஸ் பேனா வரை

பணி ஓய்வு பெற்ற பின்னரும் மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் வாய்ப்பு நமக்கு அவ்வப்போது கிட்டுகிறது. அவ்வாறு வந்த ஒரு கட்டுரை தாளில் அன்றி, விண்டோஸ் பலகைக் கணினியின் திரையில் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. ‘பல் விழுந்தது’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பல விழுநதது’ என்று கண்டோம். அடுத்த வரிகளிலும் அதே குறை. கவனக்குறைவு என்று கருதிச் சிவப்பு வட்டமிட்டோம், மதிப்பெண்ணையும் குறைத்தோம். பின்பு அதே கணினியில் குறிப்புரை எழுத நாமே பேனாவை எடுத்தபோது, நாம் இட்ட புள்ளிகளுள்ளும் பல திரையில் விழவில்லை. அம்மாணவருக்கு நாம் இழைத்த தவறே இவ்வுரைக்குத் தூண்டுகோல்.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியத்தின் விதி. எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று அந்நூல் கூறுகிறது. தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் சிலவற்றில் புள்ளி இருப்பதை ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டியுள்ளார். ஆயினும் பிற்கால ஓலைச்சுவடிகளைப் புரட்டுவோர் புள்ளியைக் காண்பது அரிது. கூரிய எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இதனை நாமும் வகுப்பறையில் பல்லாண்டுகள் சொல்லி வந்தோம். இப்பொழுது அதில் பாதியளவே நமக்கு உடன்பாடு. கல்லில் வெட்டியோரும் பெரும்பாலும் புள்ளியிடவில்லை, கல் பொத்துப்போவதில்லை. எழுதுகருவி ஒரு காரணம் என்றால், படிப்பவர் மற்றொரு காரணம். மொழியைத் தாய்ப்பாலோடு பருகியவருக்கு ‘விழுநதது’ என்று எழுதினாலும் ‘விழுந்தது’ என்றே நா இயங்கும். இல்லாத புள்ளியை அவர் மனமே இட்டுக்கொண்டது.

அவ்வாறு இட்டுக்கொள்ள இயலாதவர்கள் படிக்க வந்தபோதுதான் குறை வெளிப்பட்டது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழை வளர்ந்த பருவத்தில் கற்றவர். கொடுந்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டும் சீர்திருத்தம் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. அதில் நாம் வியப்பது ஒன்று உண்டு. குறிலுக்குப் புள்ளியிடும் பழைய முறையை மீட்காமல், நெடிலின் கொம்பைச் சுழித்துக் காட்டும் முறை அதில் வந்தது. புள்ளி உதிரும், கோட்டோடு பிறந்த சுழி உதிராது.

மெய்க்கு அத்தகைய மாற்று வரவில்லை. ஓலையிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்கள், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் உட்பட, எது மெய், எது உயிர்மெய் என்று சொல்தோறும் ஆராய வேண்டியிருந்தது. அச்சு அப்புள்ளியை நிலைநிறுத்தியது. அது நிலைத்துவிட்டது என்றே நாமும் எண்ணியிருந்தோம்.

இனித் திரைக்கு வருவோம். திரையை நோக்கி எழுதும் பேனாவின் வரலாறு 1964இல் வெளிப்பட்ட ராண்ட் பலகையிலிருந்து பேசப்படுவது. மைக்ரோசாஃப்ட் 1992இல் பேனாவுக்கென ஒரு விண்டோஸ் நீட்சியை வெளியிட்டது. 2002 நவம்பரில் பலகைக் கணினிக்கென்றே விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பு ஒன்றை அறிமுகப்படுத்தியது. சுட்டெலியின் உலகத்தில் பிறந்த விண்டோஸில் ஒருமுறை தட்டுவது கட்டளை. இருமுறை தட்டுவது வேறொரு கட்டளை. அழுத்திப் பிடிப்பது மூன்றாவது கட்டளை. தமிழில் எழுதுவோர்க்கோ ஒருமுறை தட்டுவது மெய்யெழுத்து. மும்முறை தட்டுவது ஆய்தம். ஆங்கிலச் சொல்லுக்குள் புள்ளி இரண்டு சிற்றெழுத்துகளின் தலைமேல் மட்டுமே வரும். அது விடுபட்டாலும் சொல் மாறுவதில்லை. நமக்கு ‘மண்’ ‘மண’ ஆகிவிடும். பேனா திரையைத் தொட்டவுடன் கணினி கேட்கும் வினா, இது எழுத்தா, கட்டளையா என்பது. அதற்கு விடை தருவனவே அமைப்புகள்.

ஆசிரியர்கள் நான்கு அமைப்புகளை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது அழுத்த உணர்திறன். பேனாவின் முனை எவ்வளவு அழுத்தத்தில் மையிடத் தொடங்க வேண்டும் என்பதைப் பேனா செய்தோர் தரும் செயலியில் மாற்றலாம். கோடு இழுக்கும் கை தானே அழுந்துகிறது. புள்ளி வைக்கும் கை தொட்டும் தொடாமலும் மீள்கிறது. ஆகவே மென்மையான பக்கத்துக்கு அதனை நகர்த்துதல் நன்று. ‘4096 நிலை அழுத்தம்’ என்று விளம்பரத்தில் காண்பது கோட்டின் தடிப்பு பற்றியது; முதல் தொடுதலைப் பேனா உணருமா என்பது வேறு செய்தி. அடுத்தது பேனா, தொடுகை அமைப்பில் உள்ள ‘அழுத்திப் பிடித்தல்’. இதனை அணைத்துவிட்டால், புள்ளியை நிதானமாக வைக்கும் மாணவருக்குத் திரையில் வட்டம் தோன்றிப் பட்டியல் விரியாது. இருமுறைத் தட்டலின் வேகத்தையும் அங்கேயே மாற்றலாம். ‘அஃது’ என்று விரைந்து எழுதுவோர் அதன் பயனை உணர்வர். மூன்றாவது, பேனா இயங்கும்போது கைத்தொடுகையைப் புறக்கணிக்கும் அமைப்பு. நான்காவது அளவுத்திருத்தம். கண்ணாடியின் தடிப்பாலும் பார்க்கும் கோணத்தாலும் முனை ஓரிடத்திலும் மை வேறிடத்திலும் விழுவதுண்டு. கோட்டில் அது தெரியாது; புள்ளியோ அடுத்த எழுத்தின் தலையில் ஏறிவிடும். குறுக்குக் குறிகளைத் தொட்டுச் சரிசெய்யும்போது, வழக்கமாக எழுதும் நிலையிலேயே கணினியை வைத்துக்கொள்ள வேண்டும்.

பேனா சரியானாலும் திரை ஏமாற்றக்கூடும். விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு தமிழைக் கொண்டுவந்தது. அக்காலத் திரைகளில் 12 புள்ளி அளவெழுத்துக்கு 16 பிக்சல் உயரமே கிடைத்தது. மெய்ப்புள்ளியின் பங்கு அதில் ஒன்றிரண்டு. 1998இல் அறிவிக்கப்பட்ட கிளியர்டைப் முறை, ஒவ்வொரு பிக்சலிலும் அருகருகே நிற்கும் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியே இயக்கி எழுத்தைத் தெளிவாக்கியது. ஆனால் அத்தெளிவு இடவலமாக மட்டுமே. ணகரத்தின் சுழிகளை னகரத்தின் சுழிகளினின்று பிரித்துக் காட்ட அது உதவியது. எழுத்துக்கு மேலே நிற்கும் புள்ளிக்கு உதவவில்லை. 2009இல் விண்டோஸ் 7உடன் வந்த டைரக்ட்ரைட் மேல்கீழாகவும் விளிம்பை மென்மையாக்க வழிசெய்தது. பலகைக் கணினியை நெடுக்காகத் திருப்பிப் பிடித்தால் அந்த வண்ணக் கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகிவிடும். பழைய செயலிகளில் எழுத்தின் ஓரம் நிறம் சிந்துவதற்கு அதுவே காரணம். தமிழ்ப் பாடத்துக்குத் திரை அளவை 150 விழுக்காட்டுக்குக் குறையாமல் வைப்பது நம் பழக்கம்.

சிங்கப்பூரில் 2021 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் கற்றல் கருவி உண்டு. அவர்களுள் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் மிகப் பலர். ஓலை படித்த புலவரைப் போல இல்லாத புள்ளியை மனத்தால் இட்டுக்கொள்ள அவர்களால் இயலாது. அவர்கள் வீரமாமுனிவரின் இடத்தில் இருப்பவர்கள். தம் கையெழுத்தையே அடுத்த வாரம் திரும்பப் படிக்கும் மாணவர், திரையில் உள்ளதையே சொல் என்று கொள்வார்.

நம் மாணவரை அழைத்து, அவருடைய பேனாவின் அழுத்த அளவை மாற்றி, அழுத்திப் பிடித்தலை அணைத்து, அதே பத்தியை மீண்டும் எழுதச் சொன்னோம். பல் விழுந்தது, புள்ளிகளும் விழுந்தன. இரண்டு இடங்களில் மட்டும் விழவில்லை. அவை அவருடைய பிழைகள்தாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். எஞ்சிய மதிப்பெண்களை நாம் திருப்பித் தந்தோம்.