கொமடோர் 64: சேமிப்புக் கருவிகள்

கொமடோர் 64 என்பது அமெரிக்காவின் கொமடோர் நிறுவனம் 1982-இல் 595 டாலர் விலையில் வெளியிட்ட வீட்டுக் கணினி. 64 கிலோபைட் நினைவகமும், ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் 6510 செயலியும் கொண்டது. தயாரிப்பு 1994-இல் நின்றது.

கணினிக்குள் நிலையான சேமிப்பகம் இல்லை. நிரல்கள் ஒலிநாடாவிலோ 5.25 அங்குல நெகிழ்வட்டிலோ சேமிக்கப்பட்டன. 1541 வட்டு இயக்கி, வட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 170 கிலோபைட் தரவைப் பதிந்தது. அதற்கெனத் தனிச் செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் இருந்தன. ஆனால் தொடர்வரிசை இணைப்பு வழியே நொடிக்கு ஏறத்தாழ 400 பைட் மட்டுமே கணினியை அடைந்தது. இத்தாமதத்தைக் குறைக்க விரைவேற்று நிரல்கள் எழுதப்பட்டன.

காலப்போக்கில் வட்டுகளின் காந்தப் பூச்சு சிதைகிறது. இயக்கிகளின் பாகங்களும் தேய்கின்றன. எனவே இன்று எஸ்.டி. அட்டைகள் அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. வட்டின் உள்ளடக்கம் டி64 என்னும் ஒற்றைக் கோப்பாக நகலெடுக்கப்படுகிறது. 35 தடங்கள் கொண்ட வட்டின் இயல்பான கோப்பு 1,74,848 பைட் அளவுடையது.

எஸ்டி2ஐஇசி என்னும் எளிய கருவி, நுண்கட்டுப்படுத்தி மூலம் இக்கோப்புகளைக் கணினிக்கு அளிக்கிறது. 1541-இன் செயலியை அது முழுமையாகப் போலச்செய்வதில்லை. அதனால் சில விளையாட்டுகள் அதில் இயங்கா. பை1541, 1541 அல்டிமேட் ஆகியவை இயக்கியின் செயற்பாட்டை நுணுக்கமாகப் போலச்செய்வதால் பெரும்பாலான மென்பொருள்களை இயக்குகின்றன.