மாறிலியும் வகையும்

எண் மாறாத் தன்மையது. ஐந்து என்றும் ஐந்தே. எவர் எண்ணினும் அது ஆறாவதில்லை. ஆயினும், ஐந்து ஆறாகிய காலமும் கணினி மொழிகளின் வரலாற்றில் உண்டு.

1957 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. மறு ஆண்டில் அம்மொழி துணைநிரல்களை ஏற்றது. துணைநிரலுக்கு ஓர் எண்ணை அனுப்புங்கால், எண்ணை அனுப்பாது, அது நினைவகத்தில் உறையும் இடத்தையே சுட்டுதல் அக்கால வழக்கம். துணைநிரல் அவ்விடத்தில் ஒன்றைக் கூட்டிவிடின், 5 என்று எழுதிய பிற இடங்களிலும் 6 வந்து நின்றது. பழைய நிரல்பெயர்ப்பிகள் சிலவற்றில் நேர்ந்த இவ்வழு, மாறாதது எது என்பதை மொழியே வரையறுத்துக் காத்தல் வேண்டும் என்னும் பாடத்தைக் கற்பித்தது.

1970 இல் சூரிக் நகரில் நிக்கலஸ் விர்த் உருவாக்கிய பாஸ்கல் மொழி, மாறிலிகளுக்கெனத் தனிப் பகுதியே வகுத்தது. அம்மொழியில் ஒவ்வொரு மாறியும் தான் முழுவெண்ணா, மெய்யெண்ணா, எழுத்தா என முன்னரே அறிவித்தாக வேண்டும். மாறிலிக்கு அத்தேவை இல்லை. மதிப்பைக் கண்டே நிரல்பெயர்ப்பி அதன் வகையை உணர்ந்தது. 1980களில் பெரிதும் பரவிய டர்போ பாஸ்கல், 'வகை சுட்டிய மாறிலி' என ஒன்றைச் சேர்த்தது. விந்தை யாதெனில், அது தொடக்க மதிப்புப் பெற்ற மாறியே ஆகும். நிரல் ஓடும்போது அதனை மாற்றவும் இயன்றது. பெயர் மாறிலி, இயல்போ மாறி!

இவ்விரு வகையினையும் தெளிவுறப் பிரித்துக் காட்டியது ஏடா மொழி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஜான் இக்பியா குழுவினர் வடிவமைத்த இம்மொழியின் தரநூல் 1980 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்டது. ஏடா லவ்லேசு அம்மையார் பிறந்த 1815 ஆம் ஆண்டே தரநூலுக்கு எண்ணாயிற்று. அம்மொழியில் வகை கூறி அறிவித்த மாறிலி அவ்வகைக்கே உரியது. வகை கூறாது அறிவித்ததோ 'பெயர் பெற்ற எண்' எனப்பட்டது. வட்டத்தின் பை மதிப்பை அவ்வாறு அறிவித்தால், எந்த மெய்யெண் வகையோடும் அது இசையும்.

வகைகளில் இத்துணைக் கண்டிப்பு எதற்கு? 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 என்னும் ஆளில்லா ராக்கெட்டு புறப்பட்டு, ஏறத்தாழ 40 நொடிகளில் வழிதவறிச் சிதறியது. ஏரியன் 4 இலிருந்து எடுத்தாண்ட ஏடா நிரலொன்று, 64 பிட் மெய்யெண் ஒன்றை 16 பிட் முழுவெண்ணாக மாற்ற முயன்றது. 32,767 ஐ மிஞ்சிய அம்மதிப்பு அதில் அடங்கவில்லை. அம்மதிப்பு மாறியில் இருந்தது, பறக்கும்போதே பிறந்தது. மாறிலியின் மதிப்போ நிரல் ஓடுமுன்னரே தெரிந்தது. அடங்காதெனின் அப்போதே தடுத்துவிடலாம். ஆதலின் மாறிக்குக் கட்டுப்பாடும் மாறிலிக்கு உரிமையும் அளித்தல் முரணாகாது.

இக்கருத்தை மேலும் விரித்தது கோ மொழி. கூகுள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீசெமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவரும் 2007 இல் வரையத் தொடங்கிய இம்மொழி, 2009 நவம்பர் 10 அன்று வெளிப்பட்டது. சி மொழியில் வெவ்வேறு அளவுள்ள எண்கள் ஓசையின்றி ஒன்று மற்றொன்றாக மாறிப் பிழை விளைத்தன. கோ மொழி அதனை அறவே விலக்கியது. 32 பிட் மாறியை 64 பிட் மாறியோடு வெளிப்படையாக மாற்றாமல் கூட்ட இயலாது. ஆனால், வகை சுட்டாத 10 முழுவெண்ணோடும் சேரும், மெய்யெண்ணோடும் சேரும். அத்தகைய முழுவெண் மாறிலிகளைக் குறைந்தது 256 பிட் அளவில் நிரல்பெயர்ப்பி காக்க வேண்டும் என்பது விதி. 255 வரை மட்டுமே கொள்ளும் இடத்தில் 300 ஐ இட்டால், நிரல் பிறக்கும் முன்னரே மறுக்கப்படும்.

வகை சுட்டிய மாறிலியும் பயனற்றதன்று. அம்மொழியின் கால நூலகத்தில் ஜனவரியின் மதிப்பும் 1. திங்கட்கிழமையின் மதிப்பும் 1. முன்னது மாத வகை, பின்னது கிழமை வகை. மதிப்பு ஒன்றாயினும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்க மொழி இசையாது.

தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு இது புதிதன்று. 'மாடு மேய்ந்தது', 'மாடு மேய்ந்தன' என்னும் தொடர்களில் 'மாடு' என்னும் சொல் ஒருமை பன்மை காட்டாது நிற்க, வினையே பாலை உணர்த்துகிறது. அதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். 'மாடுகள்' என்றபின்னோ ஒருமை வினை பொருந்தாது. வகை சுட்டாத மாறிலி முன்னதைப் போன்றது. சுட்டியது பின்னதைப் போன்றது.

விதியைத் தளர்த்துவது வேறு. விதி தளரத்தக்க இடத்தை அறிவது வேறு. ஐந்து ஆறாகிய நாள் தொடங்கி மொழி வகுத்தோர் தேடியது அவ்விடத்தையே.