கிறுக்கிய கைக்குத் தூரிகை



அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பிலடெல்பியா என்றொரு நகரம். அதற்கு ஒரு காலத்தில் ‘உலகத்தின் பட்டறை’ என்று பெயர். ரயில் எஞ்சின், கப்பல், கம்பளம், தொப்பி எல்லாம் அங்கே உற்பத்தியாயின. பால்ட்வின் என்ற ஒரு நிறுவனம் மட்டும் தன் ஆயுளில் 70,000க்கு மேற்பட்ட ரயில் எஞ்சின்களைச் செய்தது. நம் தோட்டங்களில் பிரட்டு மணி எப்படியோ, அப்படி அங்கே ஆலைச் சங்கு. சங்கு ஊதினால் தெரு முழுவதும் எழுந்துவிடும். தகப்பன் வேலை செய்த ஆலையிலேயே மகனும் போய்ச் சேருவான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பால்ட்வினின் எஞ்சின் வேலை 1956இல் நின்றது. புகழ்பெற்ற ஸ்டெட்சன் தொப்பி ஆலை 1971இல் மூடப்பட்டது. 1950இல் 20 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1980இல் ஏறக்குறைய 17 லட்சமாகக் குறைந்தது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. பக்கத்து வீடு இடிக்கப்பட்டதால் மொட்டையாக நின்ற சுவர்களோ எங்கு பார்த்தாலும் இருந்தன.

அந்தச் சுவர்களில்தான் பையன்கள் வண்ணப் புட்டியால் தங்கள் பட்டப்பெயரை எழுதத் தொடங்கினார்கள். 1960களின் பிற்பகுதியில் ‘கார்ன்பிரட்’ என்ற பட்டப்பெயருடைய ஓர் இளைஞர் ஊரெங்கும் எழுதிப் பேர் வாங்கினார். மிருகக்காட்சிச் சாலையின் யானை மீதும் எழுதினாராம்! சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் வேலையில்லாத ஊரில், “நானும் இருக்கிறேன்” என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

1984இல் மேயராகப் பதவியேற்ற வில்சன் குட், சுவர்க் கிறுக்கலை ஒழிக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிடிபட்ட பையன்களைத் தண்டிப்பதோடு நிற்காமல், “இனிக் கிறுக்க மாட்டேன்” என்று கையொப்பம் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். ஜேன் கோல்டன் என்ற ஓவியப் பெண்மணி அவர்களோடு பழகினார். அந்தப் பிள்ளைகளுக்கு வண்ணமும் வடிவமும் முன்பே தெரிந்திருந்தது என்பதை அவர் கண்டுகொண்டார். அந்தக் கண்டுபிடிப்புதான், என் எண்ணத்தில், இந்தக் கதையின் உயிர்நாடி. 1996இல் அந்த அமைப்பு சுவரோவியத் திட்டமாக மாறியது.

பெரிய சுவரில் எப்படிப் படம் போடுகிறார்கள்? சிறிய படத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு அதைப் பெரிதாக்குவார்கள். பின்பு மெல்லிய துணித் துண்டுகளில் கோடு வரைந்து, எந்த இடத்தில் எந்த வண்ணம் என்று எண் இடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து வண்ணம் தீட்டலாம். சிறையில் இருப்பவர்களும் தீட்டலாம். பிறகு துண்டுகளைச் சுவரில் ஒட்டி இணைப்பார்கள். ஆகவே சாரத்தில் ஏறத் தெரியாதவருக்கும் பங்கு உண்டு.

என்ன வரைவது என்பதை அந்தத் தெருவாசிகளைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். அது எளிதான காரியம் அன்று. 1997இல் கிரேஸ் பெரி என்ற பகுதியில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே கடும் பகை மூண்டது. இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார்கள், நம்பாதவர்கள் பலர். கடைசியில், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த பல நிறக் கைகள் அங்கே ஒரு சுவரில் எழுந்தன. ‘அமைதிச் சுவர்’ என்று அதற்குப் பெயர்.

படம் வரைந்ததால் ஆலைகள் திரும்பி வந்துவிடவில்லை. பிலடெல்பியாவில் வறுமை இன்னும் இருக்கிறது. அங்கே வரையப்பட்ட 4,000க்கு மேற்பட்ட ஓவியங்களில் சிலவற்றைப் புதுக் கட்டடங்கள் மறைத்தும்விட்டன. ஆனால் ஒரு வேலையும் இல்லாதிருந்த கைகளுக்கு வேலையும், ஊர்க் கூட்டத்தில் பேச ஓர் இடமும் கிடைத்தன.

முன்பு பால்ட்வின் எஞ்சின் பட்டறை இருந்த பகுதியில், பிராட் தெருவும் ஸ்பிரிங் கார்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில், 1998இல் மெக் சாலிக்மன் என்ற ஓவியர் எட்டு மாடி உயரத்துக்கு ஒரு படம் தீட்டினார். அதில் பெரிதாகத் தெரியும் முகங்கள் மேயருடையவையோ முதலாளியுடையவையோ அல்ல. அந்த ஊர்ப் பள்ளி மாணவர்களின் முகங்கள் அவை.