திருகோணமலைத் துறைமுகமும் எரிபொருள் மாற்றங்களும்

ஒரு துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கொடிகளையே எண்ணுவர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், பிரித்தானியர் என்னும் அவ்வரிசை நாமனைவரும் பாடசாலையிற் கற்றதே. எரிபொருளை வைத்து நோக்கின் திருகோணமலையின் வரலாறு வேறொரு வடிவிற் புலப்படும்.

நீராவிக் காலத்தில் வணிகக் கப்பல்கள் நிலக்கரிக்காகக் கொழும்பையே நாடின. திருகோணமலையின் ஆழ்ந்த குடா கடற்படைக்குரியதாகவே இருந்தது. 1911 இல் பிரித்தானியக் கடற்படை அமைச்சரான சேர்ச்சில் போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்ற முனைந்தார். அம்மாற்றத்தின் விளைவு பின்னர் சீனன்குடாக் காட்டினுள் எழுந்தது. இரு உலகப் போர்களுக்குமிடையே அங்கு அமைக்கத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் எஞ்சியுள்ளன. 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானமொன்று மோதியதால் ஒரு தாங்கி எரிந்தழிந்தது. கடற்படைத் தளம் 1957 இல் இலங்கையின் கைக்கு வந்தது. தாங்கிகளை யார் ஆள்வதென்ற பேச்சோ 1987 இன் இந்திய இலங்கை ஒப்பந்தக் கடிதங்களினூடாக 2022 சனவரி உடன்படிக்கைவரை நீண்டது.

இன்றைய உலகில் மூன்றாவது மாற்றம் நிகழ்கின்றது. துறையிற் கட்டப்பட்ட கப்பலும் விளக்குக்கும் குளிரூட்டிக்கும் பம்பிக்கும் துணை இயந்திரங்களை இயக்கி எண்ணெயை எரித்துக்கொண்டே நிற்கும். கரையிலிருந்து மின்சாரம் வழங்கின் அவற்றை நிறுத்திவிடலாம். சுவீடனின் கொதன்பேர்க் துறைமுகம் உயரழுத்த மின்சாரத்தை இவ்வாறு 2000 ஆம் ஆண்டிலேயே வழங்கத் தொடங்கிற்று.

ஆயின் அம்மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? இவ்வினாவைத் திருகோணமலையிற் கேட்பவர் கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள சம்பூரைப் பாராதிருத்தல் இயலாது. 2006 இல் போரினால் அங்கிருந்து பெயர்ந்த மக்கள் திரும்பமுடியாதவாறு அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அங்கேயே இலங்கை மின்சார சபையும் இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் 500 மெகாவாற்று நிலக்கரி மின்னிலையமொன்றைத் திட்டமிட்டன. அது நிறைவேறியிருப்பின், துறைமுகத்தை மின்மயமாக்கியும் புகை ஒழிந்திராது. குடாவைக் கடந்து சம்பூருக்குக் குடிபெயர்ந்திருக்கும், அவ்வளவே. மக்களின் எதிர்ப்பும் வழக்கும் நடந்தபின் 2016 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. மக்களும் அவ்வாண்டளவிற் பகுதி பகுதியாகவே மீளக் குடியேறினர்.

அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்துக்கான பணி 2025 ஏப்பிரல் 5 ஆந் திகதி தொடக்கிவைக்கப்பட்டது. நன்றே. எனினும் சூரிய மின்சாரம் பகலுக்குரியது. கப்பலோ இரவிலும் துறையில் நிற்பது. சேமிப்புக் கலன்கள் போதிய அளவில் அமையாதவரை, இரவிற் கரையிலிருந்து கப்பலுக்குச் செல்லும் மின்சாரத்தில் நுரைச்சோலை நிலக்கரியின் பங்கும் கலந்தே இருக்கும்.