வரியா, கடனா? பெர்க்லி ஆரம்பித்து வைத்த சோலார் கதை

இன்னைக்கு நாம பேசப்போறது சோலார் பேனலைப் பற்றி இல்லை. அந்தப் பேனலை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி. கேட்க போரடிக்கிற விஷயம் மாதிரி இருக்கும். ஆனா இதுல வீட்டையே இழக்கிற நிலைமைக்கு வந்தவங்க இருக்காங்க.

2006 நவம்பரில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகர மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு முடிவு எடுத்தாங்க: 2050-க்குள் ஊரின் பசுமைக்குடில் வாயுக்களை 80 சதவீதம் குறைக்கணும். ஓட்டுப் போட்டாச்சு, எப்படிச் செய்யறது? அந்தத் தலைவலி மேயர் டாம் பேட்ஸ் அலுவலகத்துக்கு வந்தது. அங்கே மேயருக்கு வலதுகையா இருந்த அதிகாரி சிஸ்கோ டிவ்ரீஸ்.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு சோலார் போட 20,000, 30,000 டாலர் ஆகும். கரண்ட் பில்லில் மிச்சமாகி அந்தப் பணம் திரும்ப வர பல வருஷம் பிடிக்கும். நடுவில் வீட்டை வித்துட்டுப் போனா பேனல் அடுத்தவருக்கு, கடன் உங்களுக்கு. யார் போடுவா?

டிவ்ரீஸ் பிடித்தது ஒரு பழைய ஏற்பாட்டை. பெர்க்லியில் ஒரு தெருக்காரங்க சேர்ந்து, "எங்க தெரு மின்கம்பியைப் பூமிக்கு அடியில் போடுங்க"ன்னு கேட்கலாம். நகராட்சி செலவு பண்ணும். அந்தத் தெரு வீடுகளின் சொத்து வரி பில்லில் ஒரு வரி கூடுதலா ஏறும், வருஷக்கணக்கில் கட்டிக்கிட்டே வரணும். வீடு கைமாறினா புது ஓனர் கட்டுவார். கம்பிக்குச் செய்யலாம்னா பேனலுக்கு ஏன் கூடாது? கடன் மனுஷன் மேல இல்லை, வீட்டு மேல. எனக்கு இது உண்மையிலேயே அழகான டிசைன். புதுசா எதையும் கண்டுபிடிக்கலை, ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்த சிஸ்டத்தில் ஒரு என்ட்ரியைச் சேர்த்தார், அவ்வளவுதான்.

2008-ல் மாநிலம் முழுக்க இதைச் செய்ய வழிவிடும் சட்டத்தில் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் கையெழுத்துப் போட்டார். அதே நவம்பரில் பெர்க்லி சோதனைத் திட்டத்தைத் திறந்தது: 40 வீடுகள், 20 வருஷத் தவணை, 7.75 சதவீத வட்டி. பத்து நிமிஷத்துக்குள்ள 40 இடமும் காலி. கடைசியில் இந்த வழியாப் பேனல் போட்டது 13 வீடுகள்தான். நல்ல வருமானம் இருக்கிறவங்களுக்கு வேற இடத்தில் இதைவிடக் குறைந்த வட்டியில் பணம் கிடைத்தது. இந்தச் சின்ன விவரத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும். எண்ணிக்கை சின்னதா இருந்தாலும் யோசனை பரவியது. பேஸ் என்ற பெயரில் மாநிலம் மாநிலமாச் சட்டம் போட்டாங்க. 2009-ல் சொனோமா கவுன்டி பெர்க்லியைவிடப் பெரிய அளவில் ஆரம்பித்தது.

2010 ஜூலையில் பிரேக். அமெரிக்க வீட்டுக் கடன்களில் பெரும்பகுதி ஃபேனி மே, ஃப்ரெடி மாக் என்ற இரண்டு நிறுவனங்கள் பின்னால் நிற்கிறது. 2008 நெருக்கடியில் அரசே அவற்றைத் தன் பிடிக்குள் எடுத்திருந்தது. அவற்றை மேற்பார்க்கும் எஃப்.எச்.எஃப்.ஏ. அமைப்பு கேட்டது ஒரே கேள்வி: கடன் கட்டாம வீடு ஏலத்துக்கு வந்தா முதல் பணம் யாருக்கு? சொத்து வரி பாக்கிக்குத்தான், வங்கிக்கு அப்புறம்தான். அப்போ சோலார் தவணையும் வங்கியை முந்திக்கிட்டு நிற்கும். திட்டத்து ஆளுங்க, "பாக்கி விழுந்த தவணை மட்டும்தான் முந்தும், மொத்தக் கடனும் இல்லை"ன்னு வாதாடினாங்க. எடுபடலை. சொனோமா கோர்ட்டுக்குப் போனது. 2013-ல் ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம், இதில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு சொல்லிட்டது. வீடுகளுக்கான பேஸ் பெரும்பாலான இடங்களில் அப்படியே நின்று போச்சு.

கலிஃபோர்னியா மட்டும் விடலை. 2011 கடைசியில் மேற்கு ரிவர்சைட் பகுதியில் ஹீரோ என்ற திட்டம் வந்தது. பெயருக்கு உள்ளாட்சி அமைப்பு. நடத்தியது ரெனோவேட் அமெரிக்கா என்ற தனியார் நிறுவனம். பெர்க்லியில் வீட்டுக்காரர்தான் நகராட்சியைத் தேடிப் போனார். இங்கே கான்ட்ராக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார், கையில் டேப்லெட், "இங்கே கையெழுத்துப் போடுங்க." சோலார், ஜன்னல், ஏசி, கூரை, எல்லாத்துக்கும் பணம் உண்டு. கிரெடிட் ஸ்கோர் பெரிசாப் பார்க்கிறதில்லை. சம்பளம் எவ்வளவுன்னு கேட்கிறதும் இல்லை. ஏன்னா இது கடன் இல்லையே, வரி. வீட்டுக் கடனுக்குக் கட்டாயமான பாதுகாப்பு விதிகள் இதற்குப் பொருந்தாதுன்னும் அதே காரணத்தைத்தான் சொன்னாங்க.

பெர்க்லியில் வசதியானவங்க வட்டி பார்த்து விலகினாங்கன்னு சொன்னேன் இல்லையா? வேற எங்கேயும் கடன் கிடைக்காதவங்களுக்கு அந்த விலகுற வாய்ப்பு கிடையாது. வயசானவங்க, ஆங்கிலம் சரியா வராதவங்க, பென்ஷனில் வாழ்றவங்க கிட்டயிருந்து புகார்கள் குவிந்தன. 2023-ல் மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட ஆய்வில், இந்தத் தவணையால் சொத்து வரி பில் சராசரியா வருஷத்துக்கு சுமார் 2,700 டாலர் ஏறியிருந்தது. வீட்டுக் கடன் கட்டத் தவறுறதும் கூடியிருந்தது.

கடன் கொடுக்கிறவர் ஆளைப் பார்த்துக் கொடுக்கிறது தன் பணம் போயிடும்ங்கிற பயத்தில்தான். அந்தப் பயமே கடன் வாங்குறவருக்கும் ஒரு வேலி. வரி வசூலிக்கிற கை எல்லாருக்கும் முன்னாடி நீளும்னு ஆனபோது, அந்த வேலி போயிடுச்சு. டிவ்ரீஸ் யோசனை கெட்டதுன்னு நான் சொல்லமாட்டேன். கடைகள், ஆபீஸ் கட்டடங்களுக்கான பேஸ் இன்னும் பல மாநிலங்களில் நல்லாவே ஓடுது. அங்கே பொதுவா வங்கியின் சம்மதம் வாங்கித்தான் செய்யறாங்க.

2017-ல் கலிஃபோர்னியா, வருமானம் பார்த்துட்டுத்தான் கொடுக்கணும்னு சட்டம் போட்டது. வியாபாரம் சரிந்தது. 2020 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி தன் திட்டத்தை மூடியது. அதே வருஷம் டிசம்பரில் ரெனோவேட் அமெரிக்கா திவால் மனு போட்டது. 2024 டிசம்பரில்தான் மத்திய அமைப்பின் இறுதி விதி வந்தது: சட்டத்தின் பார்வையில் இதுவும் கடன்தான்.

திட்டம் மூடினாலும் பில்லில் ஏறின வரி அப்படியே இருக்கு. 2018-ல் 20 வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போட்ட வீட்டுக்கு அது 2038 வரைக்கும் வரும், அந்த வீட்டில் அப்போ யார் இருந்தாலும்.